எவாரிஸ்தோ பாடாமல் விட்ட வரி

பாரெய்ரோ பக்கத்தில் இன்றைக்கு எந்தக் குழு, பெத்லகேமில் பிறந்த பிள்ளையைப் பார்க்கப் போன மூன்று ராஜாக்களின் கொடியோடு வீடு வீடாகப் பாடப் போனாலும், விடைபெறும் பாட்டில் ‘திரும்பி வருவோம்’ என்ற வரியைத்தான் முதலில் பாடுகிறார்கள். சோறு போட்டவளுக்கு நன்றி, காணிக்கைக்கு நன்றி, வீட்டுக்கு ஆசீர்வாதம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். போகும்போது சொல்ல வேண்டியதை ஏன் முதலிலேயே சொல்கிறீர்கள் என்று கேட்டால், பெத்லகேம் காலத்திலிருந்தே அப்படித்தான் என்று இளவட்டங்கள் சத்தியம் செய்வார்கள். பெத்லகேமாவது ஒன்றாவது! எவாரிஸ்தோ என்ற பால் லாரிக்காரருக்கு ஒரு வருஷம் உடம்பும் மனசும் அலுத்துப்போனது. அதில் வந்த வழக்கம் இது.

எவாரிஸ்தோ பிறந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம், மரவள்ளி மாவு வறுக்கிற ஒரு கொட்டகையில். பெற்றவள் மாவைக் கிளறிக்கொண்டிருக்கும்போதே வலி வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மழைக்காலம் போனார். மீதிக் காலமெல்லாம் மாட்டுக்குப் பின்னால். பன்னிக்குட்டி ஒன்றைக் கொடுத்து, பத்துத் தந்தியில் மூன்று மட்டும் மிஞ்சியிருந்த, கிடார் மாதிரியான ஒரு வியோலாவை வாங்கினார். யாரும் சொல்லித்தரவில்லை. பால் கறக்கிற தொழுவத்தில் உட்கார்ந்து தானாகவே தட்டித் தடவிக் கண்டுபிடித்தார். மாடுகள் பொறுத்துக்கொண்டன, அவர் மாமனார் பொறுத்துக்கொள்ளவில்லை. “மூணு தந்தியிலேயே இந்த அலறல்னா, பத்தும் கட்டினா ஊர்ல எவனும் குடியிருக்க முடியாதே” என்றாராம்.

குரலும் பெரிய குரல் இல்லை. அடித்தொண்டைக் குரல். ஆனால் நின்ற இடத்தில் பாட்டுக் கட்டுவார். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அந்த வீட்டில் கண்ணில் படுகிறதெல்லாம் பாட்டில் வந்துவிடும். கால் ஒடிந்த நாற்காலி வரும், அடைகாக்கிற கோழி வரும், சந்தைக்குப் போய் இன்னும் திரும்பாத மகன் வருவான். கேட்கிறவர்கள் அழுவார்கள். பக்கத்து ஊர்க் கேப்டன்கள் (கொடிக்குழுவை நடத்துகிறவருக்கு இங்கே கேப்டன் என்றுதான் பேர்) ஒளிந்து நின்று கேட்டுவிட்டுப் போய், அவரைப் போலவே கோழியையும் நாற்காலியையும் பாடிப் பார்த்தார்கள். தலைநகரத்தில் ஒரு பாடகன் அவர் மெட்டைத் தன் மெட்டென்று ரேடியோவில் பாடினான். எவாரிஸ்தோ அதைப் பால் டிப்போவில் கேட்டார். “என்ன இவன், ரயிலைப் பிடிக்கப் போறவன் மாதிரி ஓடுறான்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கேனைத் தூக்கினார்.

அந்தக் கேன்கள்தான் அவர் முழங்காலைத் தின்றன. விடியுமுன் லாரியை எடுத்து, ஒவ்வொரு வேலி வாசலிலும் நிறுத்தி, நிறைந்த கேனைத் தூக்கி ஏற்றி, காலிக் கேனை இறக்கிவைக்க வேண்டும். வருஷம் முழுக்க இதே வேலை. மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியுமா?

கொடி தூக்கின கதை வேறு. மனைவி ஜுல்மீரா மூன்றாவது பிரசவத்தில் காய்ச்சல் கண்டு கண் செருகிக் கிடந்தபோது, அவள் பிழைத்தால் ஏழு வருஷம் கேப்டனாக ராஜாக்களின் கொடியோடு நடக்கிறேன் என்று நேர்ந்துகொண்டார். அவள் பிழைத்தாள். பிழைத்ததோடு நில்லாமல் இன்றுவரை அவரைத் திட்டிக்கொண்டும் இருக்கிறாள். ஏழு வருஷம் ஒழுங்காக நடந்து முடித்தார். முடித்த அன்றைக்கே ஒரு கிழவர் வந்து கையைப் பிடித்தார். “என் பேத்திக்கு மூச்சிரைப்பு நின்னா எவாரிஸ்தோ கொடி என் வீட்டுக்கு மூணு வருஷம் வரும்னு நேர்ந்துட்டேன்பா. நின்னுடுச்சு.” அந்த மூன்று முடியுமுன் இன்னொருத்தன் மாட்டுக்காக நேர்ந்திருந்தான். அப்புறம் ஒருத்தி, ஓடிப்போன புருஷன் திரும்பி வந்ததற்காக. வந்த புருஷன் மறுபடி ஓடினான், நேர்ச்சை மட்டும் ஓடவில்லை.

“நேர்றது அவனுங்க, நடக்கிறது என் காலு” என்று எவாரிஸ்தோ முனகுவார். அக்கார்டியன் வாசிக்கிற திபூர்சியோ, அவருக்குச் சின்ன வயசிலிருந்து சிநேகிதன், சிரிப்பான். “உன் காலு ராசியான காலுடா. என் காலை வச்சு எவனாவது நேர்ந்திருக்கானா பாரு.”

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கிளம்பினால் ஜனவரி ஆறாம் தேதி ராஜாக்கள் திருநாள் வரைக்கும் நடை. அந்த நாட்களில் மழை விடாது. செம்மண் சேறு செருப்பைப் பிடித்து இழுக்கும். காலையில் பால் லாரி, மத்தியானத்திலிருந்து கொடி. போகிற வீட்டிலெல்லாம் கோழியும் சோறும் காபியும் கரும்புச் சாராயமும் தருவார்கள். வேண்டாம் என்று சொல்லவும் கூடாது. வயிற்றுக்கும் ஓய்வு கிடையாது.

ஜுல்மீராவுக்காக நேர்ந்த காலத்தில் தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கே பிள்ளை பிறந்த பிறகு, ஒரு டிசம்பரில் எவாரிஸ்தோ அவளிடம் சொன்னார்:

“இந்த வருஷத்தோட சரி. கொடியைத் திபூர்சியோகிட்ட குடுத்துடப்போறேன்.”

“போன வருஷமும் இதையேதான் சொன்னே.”

“போன வருஷம் சும்மா சொன்னேன்டி. இந்த வருஷம் முடியல. கால் மட்டும் இல்ல. பாடறதுக்கு வாயைத் திறந்தாலே அலுப்பா இருக்கு. ஒரு ஜனவரி மாசம் சும்மா கட்டில்ல படுத்துக்கிட்டு மழையைக் கேக்கணும் எனக்கு.”

ஜுல்மீரா திட்டவில்லை. அவர் முழங்காலில் எண்ணெய் தேய்த்துவிட்டாள். அப்போதுதான் அவள் தன்னை நம்புகிறாள் என்று எவாரிஸ்தோவுக்குத் தெரிந்தது.

ஒரே ஒரு சிக்கல். அப்போதெல்லாம் விடைபெறும் பாட்டின் கடைசியில் கேப்டன் பாட வேண்டிய ‘திரும்பி வருவோம்’ வரிகள் உண்டு:

*உயிரும் உடம்பும் இருந்தால்*
*அடுத்த வருஷமும் வருவோம்,*
*இந்த வாசல் இப்படியே*
*எங்களுக்குத் திறந்திருக்கட்டும்.*

கொடி முன்னால் பாடின வார்த்தை சத்தியத்துக்குச் சமம். பாடிவிட்டால் வந்தே ஆக வேண்டும். முதல் இரண்டு வீட்டில் பழக்கதோஷத்தில் வாய் தானாகப் பாடிவிட்டது. பாடி முடித்ததும், ராஜாக்கள் கண்ணெதிரில் பொய் சொன்னது போல அவருக்குக் கூசியது. அடுத்த வீட்டிலிருந்து அந்த வரியை விட்டுவிடலாம், விடைபெறும்போது வெடிக்கிற பட்டாசுச் சத்தத்தில் யார் கவனிக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்தார்.

அடுத்த வீடு பென்விந்தாவின் வீடு. அங்கே பட்டாசு இல்லை. பென்விந்தா மாசக்கணக்கில் படுக்கையில் இருந்தாள், வயிற்றில் கட்டி. மகள் லிந்தவுரா கொடியை வாங்கி அறைக்குள் கொண்டுபோய்க் கட்டிலைச் சுற்றி வந்தாள், அம்மாவின் முகத்தில் அதன் நாடாக்கள் படும்படி தாழ்த்திப் பிடித்தாள். வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள் மூச்சுவிடாமல் நின்றார்கள். எவாரிஸ்தோ நன்றி பாடினார், ஆசீர்வாதம் பாடினார், வியோலாவை ஒரு இழுப்பு இழுத்து முடித்துவிட்டார்.

மேளக்காரன் அடுத்த வரிக்குக் கை ஓங்கியபடியே நின்றான்.

இந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. கேப்டன் ஒரு வீட்டில் ‘திரும்பி வருவோம்’ பாடவில்லை என்றால், அடுத்த வருஷம் அந்த வீட்டில் ஒரு ஆள் குறையும். கொடிக்குக் கீழே நிற்கிற கேப்டனுக்கு அது தெரிந்துவிடும், அவரால் பொய் பாட முடியாது என்பார்கள். எவாரிஸ்தோவும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தார். ஆனால் இத்தனை வருஷம் கொடிக்குக் கீழே நின்றும் அவருக்கு ஒரு மண்ணும் தெரிந்ததில்லை. அதனால் அந்த நம்பிக்கையையே மறந்துபோயிருந்தார். ஊர் மறக்கவில்லை.

வேலி தாண்டியதும் திபூர்சியோ பிடித்துக்கொண்டான். “என்னடா காரியம் பண்ணிட்ட? ஏன் வரியை விட்ட?”

“அலுப்புடா. அடுத்த வருஷம் நான் வரல. வராதவன் எதுக்கு வருவேன்னு பாடணும்?”

“அதை விடறதுக்கு உனக்கு வேற வீடே கிடைக்கலையா? ஊருல இருக்கிற ஒரே நோயாளி வீட்டுலதான் விடணுமா?”

எவாரிஸ்தோ சேற்றில் அப்படியே நின்றுவிட்டார். திரும்பிப் போய்ப் பாடிவிட்டு வரலாமென்றால் அதற்கும் வழியில்லை. ஏரோது மன்னனுக்குப் பயந்து மூன்று ராஜாக்களும் வேறு வழியாக ஊர் திரும்பினார்களே, அதனால் கொடி போன வழி திரும்பாது. பாடின வீட்டு வாசற்படியைத் திருநாள் முடிகிற வரைக்கும் கேப்டனும் மிதிக்கக் கூடாது.

மறுநாளே விஷயம் பரவிவிட்டது. அடுத்த வீட்டுக்காரர், நல்ல தடித்த ஆள், வாசலை மறித்துக்கொண்டு நின்றார். “எவாரிஸ்தோ, அந்த வரியை முதல்ல பாடிடு. அப்புறம் உள்ள வா. சோறு தயாரா இருக்கு, ஆனா எனக்கு உயிர் முக்கியம்.” எவாரிஸ்தோ மழையில் நின்றபடியே பாடினார். அதற்கப்புறம் எல்லா வீட்டிலும் அதே கதைதான். ஒரு வீட்டில் இரண்டு தடவை பாடச் சொன்னார்கள், மாமியாருக்குக் காது கேட்கவில்லையாம். விட்டுவிடலாம் என்று நினைத்த வரியை அந்த வருஷம் பாடினது போல அவர் என்றைக்கும் பாடினதில்லை. விட்டது பென்விந்தா வீட்டில் மட்டும்.

அங்கே ஊர் திரண்டது. சூப் வந்தது, ஜெபமாலை வந்தது. முற்றத்தை யாரோ கூட்டிப் பெருக்கி, பெஞ்சுகளை இரவல் வாங்கிப் போட்டார்கள். நகரத்திலிருந்து தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி வந்து, தையல் மிஷின் யாருக்கு என்று மெல்ல விசாரித்தாள். லிந்தவுரா அவளைத் துடைப்பத்தோடு வேலி வரைக்கும் வழியனுப்பினாள்.

எவாரிஸ்தோவுக்குத் தினமும் காலையில்தான் தண்டனை. அந்த வேலி வாசலிலும் ஒரு கேன் இருக்கும். வழக்கமாக லிந்தவுரா காபி கொண்டுவந்து கொடுத்து, நாலு வார்த்தை பேசுவாள். இப்போது கேன் மட்டும் நின்றது. ஒரு நாள் அவளே நின்றாள்.

“மாமா, எங்கம்மாகிட்ட என்னத்தைப் பாத்தீங்க?”

“ஒண்ணும் பாக்கலம்மா. அலுப்புல விட்டுட்டேன்.”

“அலுப்புல பால் கேனை விட்டீங்களா? லாரியை விட்டீங்களா? அந்த வரி மட்டும்தான் விட்டுப்போச்சா?”

“சத்தியமாம்மா. நான் குழுவை விட்டு நிக்கலாம்னு இருந்தேன். அதனாலதான்...”

“பொய் சொல்லாதீங்க. டாக்டரும் இப்படித்தான் தரையைப் பாத்துக்கிட்டே பேசறாரு.” அவள் கண் வீங்கியிருந்தது. “நான் ராவெல்லாம் அவங்க மூச்சை எண்ணிக்கிட்டுக் கிடக்கேன். வந்து பாடிட்டுப் போங்க மாமா. உங்க காலைப் பிடிக்கறேன்.”

“திருநாள் முடியட்டும். முடிஞ்ச மறுநாள் காலைல வரேன்.”

“அதுவரைக்கும் இருப்பாங்களா?”

எவாரிஸ்தோ குனிந்து கேனைப் பிடித்தார். கேனைத் தூக்கும்போது கை நழுவிப் பால் முழுக்கச் சேற்றில் கொட்டியது. அத்தனை வருஷத்தில் அவர் கேன் கவிழ்த்தது அதுதான் முதல் தடவை. இருவருமே அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

திருநாளன்று கொடியைத் திபூர்சியோவிடம் கொடுக்கிறதாக அவர் யோசித்துவைத்திருந்த பேச்சை அவர் பேசவேயில்லை. கொடியைச் சுருட்டி மாதா பீடத்தில் சாத்திவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் காலை பென்விந்தா வீட்டு வாசலில் லாரியை நிறுத்தி, வியோலாவோடு உள்ளே போனார். பென்விந்தா கண்ணை மூடியிருந்தாள், ஆனால் தூங்கவில்லை.

“லிந்தவுரா, நீ போய்க் காபி போடு. நிதானமாப் போடு” என்று மகளை அனுப்பிவிட்டு, கட்டிலோரத்தைத் தட்டிக் காட்டினாள். “உக்காருப்பா. உன் முகம் என்ன, என்னைவிட மோசமா இருக்கு.”

“அக்கா, அன்னிக்கி நான் வரியை விட்டது...”

“அதுக்கு உனக்கு நன்றி சொல்லணும்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

எவாரிஸ்தோ விழித்தார்.

“மாசக்கணக்கா எல்லாரும் எங்கிட்டப் பொய்தான் சொல்றாங்க. ‘முகம் தெளிஞ்சிருக்கு, எந்திரிச்சிடுவீங்க’. நானும் எந்திரிச்சிடுவேன் எந்திரிச்சிடுவேன்னு தலையாட்டித் தலையாட்டிக் கழுத்தே வலிச்சுப்போச்சு. எனக்கு முடியலப்பா. நீ ஒருத்தன்தான் பொய் பாடல. அன்னிக்கி ராத்திரி நான் நல்லாத் தூங்கினேன்.”

அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எவாரிஸ்தோவால் முடியவில்லை. “அக்கா, எனக்கு ஒண்ணும் தெரியாது. என் அலுப்புக்கு நான் விட்டேன். இந்த வருஷத்தோட நிறுத்திடலாம்னு. உங்களை நெனைக்கவே இல்ல. மன்னிச்சிடுங்க.”

பென்விந்தா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலானது. அவர் தலையைத் தூக்கித் தண்ணீர் கொடுத்தார்.

“அப்போ நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதான்” என்றாள். “சரி, இப்போ எதுக்கு வியோலாவைத் தூக்கிட்டு வந்தே?”

“லிந்தவுரா பாடச் சொன்னா.”

“பாடு. அவளுக்காகப் பாடு. அழுதுக்கிட்டேதான் சட்டி கழுவறா, அழுதுக்கிட்டேதான் மாடு கறக்கறா. நான் போறதுக்குள்ள அவ ஒரு வேளையாவது நிம்மதியாச் சாப்பிடணும்.”

“பாடறேன். கொடி இல்லாமப் பாடினா அது சும்மா பாட்டுதானே, அதனால...” எவாரிஸ்தோ இழுத்தார். அந்தச் சந்தில் புகுந்து தப்பித்துக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தார்.

பென்விந்தா கட்டில் காலைக் காட்டினாள். அதில் ஒரு நீல நாடா கட்டியிருந்தது. கொடியிலிருந்து லிந்தவுரா அன்றைக்கு அறுத்துக் கட்டினது. நோயாளிக்காக ஒரு நாடா எடுத்துக்கொள்வது எல்லா வீட்டிலும் உண்டுதான். நாடா இருக்கிற இடத்தில் கொடி இருக்கிறது என்றுதான் கணக்கு.

“பாடினா வரணும்” என்றாள். “எனக்குத் தெரியும், நீ படுக்கணும்னு ஆசைப்படறே. ஆசைப்படறது தப்பில்ல. ஆனா நான் இருக்க மாட்டேன், எவாரிஸ்தோ. அம்மாவும் இல்லாம, கொடியும் வராம, இந்த வீட்டுல அவ தனியா ஜனவரி மாசம் உக்காந்திருக்கணுமா?”

எவாரிஸ்தோவுக்கு அழுகை முட்டியது. அவளுக்காகவா தனக்காகவா என்று அவருக்கே தெரியவில்லை. எத்தனையோ பேர் அவர் காலை வைத்து நேர்ந்திருக்கிறார்கள். யாரும் அவருக்கு அலுப்பாக இருக்கிறது என்று தெரிந்து கேட்டதில்லை. இவள் தெரிந்தே கேட்கிறாள்.

லிந்தவுரா காபியோடு வந்து கதவோரம் நின்றாள். எவாரிஸ்தோ சுருதி கூட்டி, நாடாவைப் பார்த்தபடி, வழக்கமான மெதுவான இழுப்பில், உயிரும் உடம்பும் இருந்தால் அடுத்த வருஷமும் வருவோம் என்று பாடினார். லிந்தவுராவின் தோள் தளர்ந்தது. மூவரும் காபி குடித்தார்கள். பென்விந்தா இரண்டு மடக்கு குடித்துவிட்டு, “சர்க்கரை போதலடி” என்று மகளைத் திட்டினாள்.

அவள் ஈஸ்டருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். எவாரிஸ்தோதான் சவப்பெட்டியின் தலைமாட்டைத் தூக்கினார். கேப்டனுக்கு அன்றைக்கே தெரியும், அப்புறம் பாடினது மகளைச் சமாதானப்படுத்தத்தான் என்று ஊர் பேசிக்கொண்டது. அவர் மறுத்துப் பார்த்து, அதிலும் அலுத்து, விட்டுவிட்டார்.

அந்த டிசம்பரில் ஜுல்மீரா கட்டிலில் புது மெத்தை போட்டிருந்தாள். அவர் வியோலாவை எடுக்கிறதைப் பார்த்தாள். “ஒரு வீட்டுக்குத்தானே வாக்குக் குடுத்தே? அங்க மட்டும் போயிட்டு வா” என்றாள்.

“மத்த வீட்டுலயும்தான் பாடியிருக்கேன். ரெண்டு ரெண்டு தடவை பாடியிருக்கேன்டி.”

மழை அந்த வருஷமும் குறைவில்லை. லிந்தவுரா வீட்டுக்குப் போனபோது அவள் தனியாக வாசலில் நின்றாள். கொடியை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள். அம்மாவின் அறைக்குள் போய், காலிக் கட்டிலைச் சுற்றி வந்தாள். எவாரிஸ்தோ பாடினார். கட்டிலைப் பாடினார், சர்க்கரை போதாத காபியைப் பாடினார். மேளக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடித்தான்.

பிறகு விடைபெறும் பாட்டு வந்தது. கொடுத்த வாக்கை நிறைவேற்றியாகிவிட்டது, இந்த வீட்டுக்கு இனிப் பாக்கி ஒன்றும் இல்லை, இப்போது நன்றி சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியது. நிமிர்ந்து பார்த்தார். லிந்தவுரா கொடியை இறுக்கிப் பிடித்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் குறைவதற்கு இனி அவள் ஒருத்திதான் மிச்சம்.

எவாரிஸ்தோ மற்ற எதையும் பாடுமுன் அந்த வரியைப் பாடினார்.